கண்ணாடிக்குப் போட்ட துணி

சோலோமியா வெள்ளை விரிப்பை உதறி அலமாரிக் கண்ணாடியின்மேல் போட்டபோது, மாடிப்படியில் காலணிகளின் ஓசை கேட்டது. விரிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே அப்பாவின் கடைசி ஓவியம் சாய்ந்து நின்றது. அந்த ஒற்றை அறை வீட்டில் அதை ஒளிக்க வேறு இடமில்லை. சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியை மூடிவைப்பது போல்டாவா நகரத்து மக்களின் வழக்கம். மூடிய துணியை எவரும் தொடமாட்டார்கள். அதைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

அப்பா இஹ்னாத் சவப்பெட்டியில் அமைதியாகப் படுத்திருந்தார். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவர். ஓவியர் சங்கம் கேட்டபடி டிராக்டர்களையும் கோதுமை வயல்களையும் வரைந்து தந்தவர். எவரும் கேளாமல் வரைந்தது இது ஒன்றே: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டுப் பஞ்சத்தில் வெற்றுப் பானையோடு வாசலில் அமர்ந்திருந்த தம் தாயை. நாற்பது ஆண்டுகளாகியும், அப்படியொரு பஞ்சம் வந்ததென்று வாய் திறக்கக் கூடாத நாடு அது. அகப்பட்டால் ஓவியம் அடுப்புக்குப் போகும். அவளும் சிறைக்குப் போக நேரலாம்.

வந்தவர்கள் இருவர். முன்னால் வந்த பெண்மணி சங்கத்தின் தணிக்கையாளர், தோழர் ஹ்லாஃபிரா. அவருக்குப் பின்னால் செயலாளர் நஸார், ஒருகாலத்தில் அப்பாவின் மாணவர்.

"அடக்கத்துக்கு முன்னாடி படங்களையெல்லாம் ஒருதரம் பாத்துடணும். தப்பா நினைச்சுக்காதம்மா," என்றார் ஹ்லாஃபிரா.

பக்கத்து வீட்டு மோத்ரியா அத்தை, பூவேலைத் துண்டுகளை மடித்தபடி முணுமுணுத்தாள்: "ஈ வர்றதுக்கு முன்னாடியே இவங்க மொய்க்க வந்துட்டாங்க!"

ஹ்லாஃபிரா கேளாதவர்போலக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பரண்மேல் இருந்தவற்றை இறக்கச் சொன்னார்.

அப்போதுதான் சோலோமியா அதைக் கண்டாள். விரிப்பின் நடுவே காவி நிறத்தில் ஒரு புள்ளி. சாவதற்கு முந்தின நாள்வரை அப்பா தம் தாயின் கைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். எண்ணெய் வண்ணம் காய வாரக்கணக்காகும் என்பது ஓவியர் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாததா? பதற்றத்தில் மறந்துபோயிருந்தாள். புள்ளி மெல்லப் பரவியது.

நஸாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நிதானமாக நடந்துவந்து, அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"அது என்ன, மூடி வச்சிருக்கு?" ஹ்லாஃபிரா நிமிர்ந்தார்.

"கண்ணாடிதான், தோழர்," என்றார் நஸார்.

"ஐயோ, எடுத்துடாதீங்கம்மா! கண்ணாடியைத் தொறந்தா இந்த வீட்டுல அடுத்த சாவு விழும்!" என்று பதறினாள் மோத்ரியா.

"எனக்கு அந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது. கொஞ்சம் நகருங்க, நஸார்."

அவர் நகரவில்லை. "எனக்கும்தான் கிடையாது. ஆனா கீழ வாசல் நிறைய ஜனங்க நிக்கிறாங்க. சாவு வீட்டுக் கண்ணாடியைத் தொறந்தாங்கன்னு இந்த அத்தை சந்தைவரைக்கும் சொல்லிட்டு வருவாங்க. பேர் கெடுறது சங்கத்துக்குத்தான்."

"சந்தையோட விடுவேனா? கீவ் வரைக்கும் சொல்லுவேன்!" என்றாள் மோத்ரியா.

ஹ்லாஃபிரா விரிப்பைப் பார்த்தார். நஸாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையுறைகளை மாட்டிக்கொண்டார்.

"சரி. பெட்டியைத் தூக்கச் சொல்லுங்க."

கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். மோத்ரியா ஒவ்வொருவர் கையிலும் பூவேலைத் துண்டைக் கட்டினாள். நஸார் தாமாகவே கையை நீட்டினார். பெட்டியை வாசற்படியில் மூன்று முறை மெல்லத் தட்டி, வீட்டிடம் விடைபெறச் செய்து, கால்பக்கம் முன்னே வர வெளியே கொண்டுபோனார்கள்.

கடைசியாகத் தோள்கொடுத்த நஸாரின் கறுப்புக் கோட்டில், முதுகுக்கு நடுவே, காவியும் சாம்பலும் கலந்த ஒரு தீற்றல் பளபளத்தது. ஹ்லாஃபிரா கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

சோலோமியா அவரை முந்திக்கொண்டு நடுவே புகுந்தாள்.

"இடிச்சுக்கிட்டுப் போகாதடி. தூக்குறவங்களுக்கு வழி விடு," என்றாள் மோத்ரியா.

படிகள் குறுகலாக இருந்தன. சோலோமியா இன்னும் ஓரடி நெருங்கி, அந்த முதுகை ஒட்டியே இறங்கினாள்.