இடது பக்கத்துக் காற்றுவாய்

நான் பயந்தாங்கொள்ளிதான். தேவகோட்டையில் எல்லாருக்கும் தெரியும். சைகோனுக்கு வந்தபிறகு என் வீட்டுக்காரர் வள்ளியப்பன் அதை வியட்நாமியத்திலும் மொழிபெயர்த்துப் பட்டறை முழுக்கப் பரப்பிவிட்டார். நான் உள்ளே நுழைந்தால் வெல்டிங் வைக்கிறவன்கூட, பயப்படாதே அக்கா என்று கிண்டல் செய்கிறான்.

சைகோன் ஓரத்துத் தூ டுக்கில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் பட்டறை. கார்களின் எஞ்சின் பலத்தை அளந்து கொடுப்பதுதான் முக்கியமான வேலை. காரை இரும்பு உருளைகள்மேல் ஏற்றி, நாலு பெல்ட்டால் தரையோடு இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்துக்கு முடுக்க வேண்டும். சக்கரம் உருளையை எவ்வளவு விசையோடு சுற்றுகிறது என்று பார்த்துக் கணினி குதிரைத்திறனைச் சொல்லும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணினி முன்னால் உட்காருகிறவள் நான். அந்தப் பக்கம் காருக்குள் உட்காருகிறவர் அவர். இப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்த புண்ணியவான் எங்கள் முதலாளி ஹுங். அவன் நன்றாக இருக்கட்டும்.

போன வருடம் வேறொரு பட்டறையில் பெல்ட் அறுந்து, கார் உருளையை விட்டுத் தாவிச் சுவரில் மோதியது. உள்ளே இருந்தவருக்கு இரண்டு காலும் போயிற்று. நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். வெளியே வந்ததும் இவர், பழைய பெல்ட், வேறென்ன என்று சொல்லிவிட்டுக் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தார். எனக்கு வாயில் எச்சில்கூட ஊறவில்லை. இந்த வேலை வேண்டாம், வேறு பாருங்கள் என்று அன்றிலிருந்து கெஞ்சுகிறேன். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று ஒரே பதில்.

அன்று முசியே சிமோன் இரண்டு கார்களோடு வந்தார். காரைக்கால் குடும்பம், பிறந்ததெல்லாம் இங்கேதான். எழுபத்தைந்தில் போர் முடிந்து நம்மவர்கள் எல்லாரும் கப்பல் ஏறியபோது அவர் அப்பா மட்டும் ஏறவில்லையாம். பிரெஞ்சும் வியட்நாமியமும் கலந்த தமிழ் பேசுவார், தங்கமான மனிதர், ஆனால் பிடிவாதம். கார்கள் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே உருவம், எஞ்சின் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழல் சக்கரம்தான் டர்போ. வெள்ளைக் காரில் சின்ன டர்போ, முந்நூறு குதிரைத்திறன். சிவப்பில் பெரிய டர்போ, முந்நூற்று எண்பது. கம்பெனி சொல்லும் கணக்கு இது. உண்மையா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளைக் கார் முதலில் ஏறியது. இவர் வழக்கம்போலக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வழக்கம்போல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இருநூற்று அறுபத்திரண்டு வந்தது. சக்கரத்துக்கு வருவதற்குள் கொஞ்சம் விரயமாகும், ஆக அது சரியான கணக்குத்தான்.

அடுத்து சிவப்பு. முந்நூற்று முப்பதாவது வர வேண்டும். வந்ததோ இருநூற்று நாற்பத்தொன்று.

முசியே சிமோனின் முகம் சுருங்கிவிட்டது. பெரிய டர்போ சின்னதைவிடக் குறைவாகக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? என்னை ஏமாற்றிவிட்டார்கள், இன்னொரு தரம் ஓட்டுங்கள் என்றார். ஓட்டினோம். இன்னும் குறைந்தது. மூன்றாவது தடவை டர்போவின் காற்றழுத்தத்தை ஒரு படி கூட்டி ஓட்டச் சொன்னார்.

 பலம் குறைகிறதென்றால் ஏதோ கோளாறு. கோளாறு எங்கே என்று தெரியாமல் அழுத்தத்தைக் கூட்டுவது, காய்ச்சல்காரனை ஓடச் சொல்வதுபோல. ஆனால் கையில் காட்ட ஒரு காரணமும் இல்லை. முதலாளி சரக்கு எடுக்க டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் போயிருந்தான். பயமாக இருக்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னால் பட்டறையே சிரிக்கும். என் வீட்டுக்காரரிடம் போய், வேண்டாங்க, நாளைக்குப் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

“நீ போய் உக்காரு அன்னம். ஒண்ணும் ஆகாது.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணடிக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி உயிரை எடுத்தது.

உருளை சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடி அதிர்ந்தது, பெல்ட்டுகள் நாலும் முறுக்கிக்கொண்டு நின்றன. காருக்குள் அவர் உதடு அசைவது தெரிந்தது. பாட்டுப் பாடுகிறாராக்கும், இந்த மனுஷனுக்கு நெஞ்சில் பயமே வைக்கவில்லையே கடவுள் என்று ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டர்போவின் விசில் எனக்குப் பழக்கம். எந்த வேகத்தில் எந்தச் சுருதிக்கு ஏறும் என்று காதுக்குத் தெரியும். இது அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனது. திரையில் குதிரைத்திறன் கீழே வருகிறது, டர்போ சுற்றும் வேகம் மட்டும் சிவப்புக் கோட்டை நோக்கி ஓடுகிறது. காற்று கிடைக்காமல் மூச்சுத் திணறுகிறது அது. கிடைக்கிற கொஞ்சக் காற்றைப் பிடிக்கக் கண்மண் தெரியாமல் சுற்றுகிறது. உள்ளங்கை அளவுச் சக்கரம்தான், ஆனால் அந்த வேகத்தில் வெடித்தால் சில்லுகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். வெடிக்கிற இடம் என் புருஷன் முதுகுக்குப் பின்னால்.

முசியே சிமோன் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. எஞ்சினை உடனே நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை இரண்டு கையாலும் அழுத்தினேன்.

எஞ்சின் அணைந்தது. உருளைகள் நிற்க நேரமெடுத்தது. அவை நிற்பதற்குள் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். கதவைத் திறந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கார்மேல், முசியேமேல், ஊர்மேல், எல்லாவற்றின்மேலும் கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் தேடினேன். எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் இரண்டு கதவுக்கும் பின்னால், பக்கவாட்டில் இருக்கிறது. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, வலது பக்கத்து வாயில் ஒரு காகிதத் துண்டைக் காட்டினேன். சட்டென்று இழுத்தது. இடது பக்கம் காட்டினேன். காகிதம் அசையவே இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல் தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை போனபிறகு துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். ஒரு மஞ்சள் துணி மூட்டை. அவிழ்த்தால் குங்குமம் அப்பிய மூன்று எலுமிச்சம்பழம்.

முசியே சிமோன் அதைப் பார்த்தார். சைகோனில் எல்லாரும் கும்பிடுகிற நம் மாரியம்மன் கோயிலில் கொடுக்கிற மஞ்சள் துணிதான் அது, அவருக்கும் தெரியும். தன் வீட்டில் யாரும் இதைச் செய்யமாட்டார்கள், சிலுவைதான் மாட்டுவார்கள் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். வள்ளியப்பன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு என்னவோ தோன்றியது. நேரே வெள்ளைக் காருக்குப் போய், அதே இடது பக்கத்து வாயில் கையை விட்டேன். சின்ன டர்போவுக்கு ஒரு பக்கத்துக் காற்றே போதும். அதனால் அந்த வாய் வெறும் அழகுக்கு, உள்ளே தட்டி வைத்து அடைத்திருக்கும். எதைத் திணித்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயும் மஞ்சள் துணி இருந்தது. அதில் ஒரே ஒரு பழம்.

இந்த ஊர்க் கார்களில் ஓட்டுகிற ஆள் உட்காருவது இடது பக்கம். அவருக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத பொந்து. வெள்ளையில் அடைத்த பொந்து என்றால் சிவப்பிலும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்.

“எப்ப இருந்துங்க?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அன்னைலேருந்து. எல்லாக் காருலயும்.” குரல் அடங்கிப்போயிருந்தது. “அன்னைக்குள்ள காரெல்லாம் ஓட்டி முடிச்சதும் எடுத்துருவேன். எனக்குப் பயமா இருக்கு அன்னம். உன்னைவிட அதிகமா இருக்கு.”

இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து உதடசைத்ததெல்லாம் பாட்டு இல்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பயந்ததைவிட அந்தப் பக்கம் அவர் அதிகம் பயந்திருக்கிறார், அதை மறைக்கத்தான் என்னைக் கிண்டல் செய்திருக்கிறார். பாவி மனுஷன், சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அடிக்கத் தோன்றியது. அழத்தான் முடிந்தது.

முசியே சிமோன் தொண்டையைக் கனைத்தார். அடைப்பை எடுத்தாயிற்றே, இனி ஒரே ஒரு தரம் ஓட்டினால் உண்மையான கணக்கு வந்துவிடுமே என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான்தான் குறுக்கே போய் நின்றேன்.

“மன்னிக்கணும் முசியே. இவர் இன்னைக்கு ஏறமாட்டார். இனிமேலும் ஏறமாட்டார்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக் கேட்டார்.

“அலோர், அப்படின்னா எந்தக் காருக்குத்தான் பலம் சாஸ்தி? அதையாவது சொல்லுங்களேன்.”

நான் திரையைப் பார்த்தேன். அதில் இருந்த எண்கள் எதற்கும் உதவாது. பதில் வள்ளியப்பனிடமிருந்து வந்தது.

“செவப்புதான் முசியே. வெள்ளைக்கு ஒரு பழம் போதும்னு தோணுச்சு. இதுக்கு மூணு வச்சும் பத்தலை.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தார். மூன்று தரம் இழுத்தும் கொக்கி கழலவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, நாலு பெல்ட்டையும் நானே அவிழ்க்கிறேன் என்றேன்.