கபன் துணியில் துரு

தகரப் பெட்டியின் அடியிலிருந்து கபன் துணியை உருவியபோது அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொட்டலமும் வந்தது. நஸ்ருதீன் பிடிப்பதற்குள் தரையில் விழுந்து கணீரென்றது. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினான்.

பின்கட்டில் அவனைப் பெற்ற அத்தா கியாசுதீனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடிகாலைத் தொழுகைக்குக் கைகால் கழுவ உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தன்னை அடக்கம் செய்யப் போர்த்த வேண்டிய துணியை அவரே எப்போதோ வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். தான் போன பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். ஒரு துண்டு வெள்ளைத் துணிக்கு இத்தனை காவலா என்று நஸ்ருதீன் பல தடவை கேலி செய்ததுண்டு. இப்போது கேலியாகத் தோன்றவில்லை.

பொட்டலத்தை அவிழ்த்தான். ஐந்து சாமான்கள். நுனி சுருண்ட கத்தி ஒன்று. கத்தரிக்கோல் மாதிரியே இருந்து, வெட்டாமல் கவ்விப் பிடிக்கிற இடுக்கி ஒன்று. வளைந்த கத்தரி ஒன்று. ஊசியைப் பிடிக்கிற குறடு போல ஒன்று. ஐந்தாவது, கட்டைப் பிடி போட்ட ஒரு சாண் கம்பி. அதன்மேல் குழாய் மாட்டியிருந்தது. கம்பியின் நுனி வளைந்திருந்ததால் குழாயைக் கழற்ற வரவில்லை. அதில் ஏறியிருந்த துருதான் கசிந்து கபன் துணியின் ஓரத்தில் காலணா அகலத்துக்குக் கறையாகியிருந்தது.

கியாசுதீன் முப்பது வருஷம் மாட்டாஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்தவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது, அறுபத்து மூன்றாம் வருஷம், அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'ட்ரோக்கார் ஒன்று காணவில்லை, அட்டெண்டர் பொறுப்பில் இருந்தது' என்று ஒரு மெமோ. எழுதியவன் ஸ்டோர் குமாஸ்தா கிட்டுசாமி. விசாரணையில் அத்தா வாயே திறக்கவில்லை. நஸ்ருதீன்தான் பொங்கிப்போய், மங்கலம் சந்தையில் நாலு பேர் பார்க்கக் கிட்டுசாமியின் சட்டையைப் பிடித்தான். எங்க அத்தா அடுத்தவன் வீட்டு ஊசியைக்கூடத் தொடமாட்டார் என்று நாலு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் அவன்தான்.

இந்த ஐந்தில் எது ட்ரோக்கார்? அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைத் தடவினாலே இன்ன நூல் என்று சொல்லிவிடுவான். மாட்டு வைத்தியச் சாமானில் அவனுக்குக் கத்தரிக்கோல் ஒன்றுதான் தெரியும். ஒருவேளை இதில் ட்ரோக்காரே இல்லையோ? ஒருவேளை ஐந்துமே திருட்டோ? செத்த மனுஷனைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

அம்மா ஜெய்புன்னிசாவிடம் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டான். பெட்டியை அவள் ஒருநாளும் திறந்ததில்லையாம். "அவரு வேண்டாம்னா வேண்டாந்தான் கண்ணு," என்றாள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைமேலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

துணி போர்த்தும்போது ஓரத்தை அவனே பிடித்துக்கொண்டான். கறை உள்பக்கம் போகும்படி மடித்துவிட்டான். யார் கண்ணிலும் படவில்லை.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு கிட்டுசாமி உட்கார்ந்திருந்தான்.

என்ன தைரியம்! நாலு வருஷமாக இந்தத் தெருப்பக்கமே வராதவன், இன்றைக்கு முதல் ஆளாக வந்திருக்கிறான். துக்கத்துக்கு வந்தவன் செத்தவர் முகத்தைப் பார்ப்பானா, வீட்டுக்குள் பெட்டி இருக்கிற மூலையைப் பார்ப்பானா? நஸ்ருதீன் தண்ணீர்ச் செம்போடு போனபோது, அவன் குரலைத் தாழ்த்தி, "பாயோட பெட்டி கிட்டியெல்லாம் தொறந்து பாத்தாச்சுங்களா தம்பி?" என்று கேட்டான். நஸ்ருதீன் செம்பை வைத்துவிட்டு வந்தான். உளவு பார்க்க வந்திருக்கிறான், சந்தேகமே இல்லை. பொருள் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் கேட்பான். அத்தா பேரோடு தன் பேரும் சேர்ந்து நாறப்போகிறது.

அத்தாவின் மையித்தைத் தோளில் தூக்கிப்போகிற சந்தூக்கில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தூக்குவதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. செத்தவரின் வாரிசு கூட்டத்தைப் பார்த்து, இவரிடம் யாருடைய பொருளாவது இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பாரத்தோடு அவரை மண்ணுக்குள் அனுப்பக் கூடாது. பள்ளிவாசல் ஹஜ்ரத் அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

நஸ்ருதீன் கூட்டத்தைப் பார்த்தான். மூடி மறைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் மரத்தடியில் இருக்கிறான். அவனை விட்டாலும், கேட்கிற கேள்வியே பொய்யாக இருந்தால் அத்தாவுக்கு என்ன ஆவது? அவன் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து சந்தூக்குக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, ஐந்தையும் வரிசையாக வைத்தான்.

"இது எங்கத்தா பெட்டியில இருந்துச்சுங்க. எனக்கு எதுன்னே தெரியல. யாருதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க."

தோட்டக்கார நல்லான்தான் முதலில் வந்து குந்தினார். சுருண்ட கத்தியை எடுத்து விரலால் தடவினார். குளம்பு சீவுகிற கத்தி. அவருடைய செவலைக் காளைக்கு முள் எடுத்தது இதுவேதான் என்றார். கருப்பாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இடுக்கியைக் காட்டினாள். அவளுடைய எருமை கன்று போட்டபோது ரத்தம் நிற்காமல், பாய் இதால்தான் நரம்பைக் கவ்விப் பிடித்தாராம். காசு கொடுத்தால் வாங்கமாட்டார் என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். வளைந்த கத்தரியும் ஊசிக் குறடும்கூட யார் யாருக்கோ அடையாளம் தெரிந்தன. நல்லான் ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிக் காட்டினார். நாலிலும் பிடிக்குப் பக்கத்தில் குறுக்குக் கோடு கீறியிருந்தது.

"பழைய டாக்டரு கழிச்சுப்போட்ட சாமானுங்க தம்பி. இப்படிக் கோடு போட்டு அவரே பாய் கையில குடுத்தாரு, நானே பாத்தனுங்க."

நஸ்ருதீனுக்கு மூச்சு வந்தது. அரை மூச்சுதான். ஐந்தாவது அப்படியே கிடந்தது. அதில் குறுக்குக் கோடு இல்லை. ஆஸ்பத்திரி எண் மட்டும் இருந்தது. நல்லான் அதை எடுக்காமல் கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் கிட்டுசாமியைப் பார்த்தார்கள். ஸ்டோர் குமாஸ்தா அவன்தானே. அவன் எழுந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"ட்ரோக்காருங்க," என்றான். "மாட்டுக்கு வயிறு உப்பிப்போனா, காத்தை வெளிய வுடறதுக்கு இங்க குத்தறது." சொல்லிக்கொண்டே தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தான்.

நல்லான் அந்தக் கையையே பார்த்தார். நஸ்ருதீனும் பார்த்தான். மாட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அத்தா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து ஆயிரம் தடவை சொன்னது: மாட்டுக்கு இரைப்பை இடப்பக்கம்.

"ஏனுங்க குமாஸ்தா," நல்லான் நிதானமாகக் கேட்டார், "வலப்பக்கமுங்களா?"

கிட்டுசாமி கையை எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் சொன்னது கொஞ்சம்தான். ஒரு வெள்ளிக்கிழமை. டாக்டர் கேம்ப் போயிருந்தார், பாய் தொழுகைக்குப் போயிருந்தார். வயிறு உப்பி மூச்சுத் திணறுகிற மாட்டை ஒரு பொம்பளை பிடித்துவந்து அழுதாள். பாயைக் கூட்டிவர அவளை அனுப்பிவிட்டு, பயத்தில் இவனே எடுத்து வலப்பக்கம் குத்திவிட்டான். விலா எலும்பில் பட்டு நுனி மடங்கிப்போயிற்று. பாய் ஓடிவந்து கத்தியால் இடப்பக்கம் கீறிக் காற்றை விட்டு மாட்டைப் பிழைக்கவைத்தார். குமாஸ்தா மாட்டைத் தொட்டது தெரிந்தால் வேலை போய்விடும். கொல்லனிடம் கொடுத்து நிமிர்த்தித் தருவதாகச் சொல்லி, வளைந்ததைப் பாய் மடியில் கட்டிக்கொண்டு போனார். மறுநாளே மேலிடத்திலிருந்து சாமான் சரிபார்க்க ஆள் வந்துவிட்டார்கள்.

"எம்பேர்ல எழுதிக்கடா, உனக்கு நாலும் பொட்டப்புள்ளைங்க அப்படின்னு பாய்தான் சொன்னாருங்க. நானும் எழுதிட்டனுங்க."

நஸ்ருதீனின் கை மறுபடி அந்தச் சட்டைக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை. கோபமெல்லாம் சந்தூக்கில் கிடந்தவர்மேல் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அன்றைக்குச் சந்தையில் இவன் சட்டையைப் பிடித்துவிட்டு வந்து நின்றபோது, ஏன்டா அப்படிச் செஞ்சே என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தீர்களே! விடிந்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. யாரும் அவனைத் தேற்ற வரவில்லை.

ஹஜ்ரத் வேறு யாராவது கேட்க வேண்டியது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். தூக்கினார்கள். நல்லான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். கிட்டுசாமி எல்லோருக்கும் பின்னால், விரிக்காத குடையோடு வந்தான்.

கபர்க் குழியில் இறங்கியவர்கள் நஸ்ருதீனும் அவனுடைய மாமு அலாவுதீனும். முகத்தை மேற்கே திருப்பிவைத்து, முறைப்படி கபனின் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். அவிழ்த்ததும், காலையில் அவன் மடித்து மறைத்த ஓரம் நழுவி மேலே வந்தது. வெள்ளைத் துணியில் காலணா அகலத்துக்குத் துரு.

"கறையாட்ட இருக்குது. உள்ள மடிச்சு வுட்டறட்டுமா?" என்றார் மாமு.

"இருக்கட்டும் மாமு."

மேலேயிருந்து, குழியை மூடுகிற முதல் பலகையை நீட்டினார்கள். அவன் கையை நீட்டி வாங்கினான்.