குலவை இல்லாத ஊர்வலம்

அன்று மூடுபனி இருந்ததா, அல்லது நடந்ததை நினைத்து நினைத்து நானே பிறகு அங்கே பனியைக் கொண்டுவந்து வைத்துவிட்டேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஊர்வலத்தில் கடைசியாக நடந்தவர்களில் நானும் ஒருவன். முன்னால் போனவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இத்தர் மட்டும் எதுவும் சொல்வதில்லை.

இத்தர் பாறைக் காவல்காரர். அகாதிர் பக்கத்துத் தம்ரி ஊருக்கு வடக்கே, கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்துப் பாறையின் இடுக்குகளில் மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்கள் கூடு கட்டும். குஞ்சுகள் இருக்கும் மாதங்களில் அங்கே யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. சத்தம் கேட்டால் பெரிய பறவைகள் மொத்தமாகக் கிளம்பிவிடும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் மிரண்டு விளிம்பைத் தாண்டும். மிச்சத்தை அண்டங்காக்கைகள் பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் பாறை அப்படித்தான், உல்லாசப் பயணிகளின் மோட்டார் இரைச்சலில், ஒரே நாளில் காலியானது. அதன் பிறகு ஒரு பறவையும் அங்கே திரும்பவில்லை.

அந்த வசந்தத்தில் அவர் மகள் தூதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊருக்குப் போகும் வண்டிப்பாதையை வெள்ளம் அறுத்துவிட்டிருந்தது. மிஞ்சியது கூடுகளுக்கு நேர் மேலே போகும் ஒற்றையடிப்பாதைதான். நாளைத் தள்ளிவைக்கவும் வழியில்லை, மாப்பிள்ளை அந்த வாரமே கப்பலேற வேண்டும்.

“பாறையைத் தாண்டுற வரைக்கும் குலவை வேண்டாம், துப்பாக்கி வெடி வேண்டாம், சம்பந்தி. ஓடை வந்ததும் காது கிழிய வெடிச்சுக்கலாம்,” என்றார் இத்தர்.

மாப்பிள்ளையின் தாய் இஜ்ஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் கூட்டிட்டுப் போறது மருமகளையா, மையத்தையா? இதென்ன சவ ஊர்வலமா?”

“குஞ்சு இருக்கு, சம்பந்தி.”

“மொட்டைத் தலைக்கு இவ்வளவு மரியாதையா? என் வீட்டுக்காரருக்கும் மொட்டைதான். அவரை ஒருத்தரும் காவல் காக்கலையே!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பினூடே அவள் சொன்னாள்: “ஓடை வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு அடிகூட வாயை மூட மாட்டேன்.”

கோவேறு கழுதையின் மணிகளை இத்தர் அவிழ்த்தார். குளம்புகளுக்குச் சாக்குச் சுற்றினார். மகளின் சிவப்பு முக்காடு பறவைகளை மிரட்டும் என்று அதன் மேல் ஒரு வெள்ளைக் கம்பளியைப் போர்த்தினார்.

“குனிஞ்சு கழுதையோட கழுத்துல சாஞ்சுக்கோ, கண்ணு.”

“என்னைத் திருடிட்டுப் போற மாதிரி இருக்கு, பாபா,” என்றாள் தூதா, கம்பளிக்குள்ளிருந்து.

நடந்தோம். யாரும் பேசவில்லை. கீழே கூடுகளில் குஞ்சுகள் இரை கேட்டுக் கரகரப்பது இத்தருக்குக் கேட்டது. இத்தனை ஜனம் தலைக்கு மேல் போவது அவற்றுக்குத் தெரியவில்லை என்பதில் அவருக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு நிறைவு இருந்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான் என்று நினைக்கிறேன்.

அப்போது கீழிருந்து மீனவர்கள் ஏறி வந்தார்கள். நாள்கணக்கில் கடலோரக் குகையில் தங்கியிருந்தவர்கள். கல்யாணச் சேதி அறியாதவர்கள். பேச்சில்லாமல் வரும் கூட்டத்தையும், கழுதை மேல் வெள்ளைத் துணியில் சாய்ந்து கிடந்த உருவத்தையும் பார்த்தார்கள். கூடைகளை இறக்கிவைத்து ஒதுங்கி நின்றார்கள். மூத்தவரான ஹம்மு கைகளை ஏந்தி, இறந்தவர்களுக்காக ஓதுவதை மெல்லிய குரலில் ஓதினார். ஓதி முடித்து, “யாரு, இத்தர்? உன் வீட்லயா?” என்று கேட்டார்.

கம்பளி நடுங்கியது.

இஜ்ஜா பாய்ந்து கழுதையின் கயிற்றைப் பிடித்தாள். “போதும்! மையத்துக்கு ஓதுறதைக் காதுல வாங்கின பொண்ணு இப்படியே என் வாசப்படி ஏற முடியாது. இந்த இடத்துலயே வெடி போட்டு அந்தக் கெட்ட சகுனத்தை முறிச்சாகணும். முதல் வெடி பொண்ணோட அப்பன் வெடி. வெடி!”

“ஓடைச் சத்தம் கேக்குது பாரு, சம்பந்தி. இன்னும் கொஞ்சம்...”

“வெடி. இல்லேன்னா கழுதையைத் திருப்பு.”

தூதா நிமிர்ந்தாள். கம்பளி நழுவிச் சிவப்பு தெரிந்தது. அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். பாதி வழியில் திருப்பியனுப்பிய பெண்ணைத் தேடி அந்த மலையில் இன்னொருவன் வரமாட்டான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

இத்தர் ஹம்முவைப் பார்த்தார். ஹம்மு தலை குனிந்துகொண்டார். பிறகு இத்தர் தோளிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். அதில் குண்டு கிடையாது, மருந்து மட்டும்தான்.

அவர் சுட்டதும் குலவை எழுந்தது. மற்றவர்களின் துப்பாக்கிகளும் வெடித்தன. காலடியில் பாறையே பெயர்ந்து பறப்பதுபோலக் கருப்புச் சிறகுகள் கிளம்பிக் கடல் பக்கம் போயின. கீழே என்ன நடந்தது என்று இத்தர் எட்டிப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்து மகளை ஓடை தாண்டிக் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார். அலையோரத்தில் குஞ்சுகள் கிடந்தன. கூடுகளில் அண்டங்காக்கைகள் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தன.

தூதாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். நன்றாக இருக்கிறாள். அவள் கணவன் இன்னும் கப்பலில்தான் வேலை பார்க்கிறான். இஜ்ஜா இறந்துவிட்டாள். ஹம்மு வேறு வழியாகக் கடலுக்கு இறங்குகிறார். இத்தர் காவல் வேலையை விட்டுவிட்டு அகாதிர் துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்குகிறார். பறவைகள் அந்தப் பாறைக்குத் திரும்பவில்லை.