தட்டுல கேட்ட மருந்து

மீன்புடி போட்டு கரைக்கு வந்துட்டுப் போனா கீர்த்திக்கு அரிப்பு வந்துடும். மொத ரெண்டு தடவ அவளே அதக் கவனிக்கல. அடுத்த தடவதான் மனசுல முள்ளு மாதிரி தச்சுது. புருசன் பொன்ராஜ் கடல்ல இருக்குற நாளெல்லாம் ஒடம்பு சும்மா கெடக்குது. அவன் காசிமேட்டுல எறங்கி, வீட்டுல நாலஞ்சு நாள் தங்கி, திரும்ப ஐஸ் ஏத்திக்கிட்டுக் கெளம்புனதும், அந்த எடத்துல எரிச்சலும் அரிப்பும், பால் திரிஞ்சாப்ல வெள்ளப்படுறதும் ஆரம்பிச்சுடுது.

சுனாமிக்கு மறுவருசம் நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து ராயபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. தண்ணி லாரியில கொடத்த முன்னாடி தள்ளக் கத்துக்கிட்டா. இந்த ஊரு பேச்சுதான் இன்னும் முழுசாப் பிடிபடல. இந்த மாதிரி சங்கதிய யாருகிட்ட போயி சொல்றது? கடைசியில பக்கத்து வீட்டு கோவிந்தம்மாகிட்ட சொன்னா. கோவிந்தம்மா மீன் விக்கிறவ. காலிக் கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, ஒண்ணே ஒண்ணுதான் விசாரிச்சா.

"அவன் போட்டு எந்தக் கரையில ஒதுங்குது?"

"நெல்லூர் பக்கம் போவாங்களாம்க்கா. ஐஸ் பத்தலைன்னா அங்க ஏத்துவாங்களாம்."

"ஐஸ் மட்டும்தான் ஏத்துறான்னு நீ போயி பாத்தியா?"

சொல்லிட்டு அவ கூடையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கீர்த்திக்கு அன்னியிலேர்ந்து சோறு எறங்கல.

அடுத்த தடவ பொன்ராஜ் வந்தப்ப, குளிக்கப் போனவன் சட்டைய எடுத்து மோந்து பாத்தா. டீசல் வாடை, மீன் வாடை எல்லாத்துக்கும் மேல மல்லிப்பூ வாசம் மாதிரி ஒரு சோப்பு வாசம். அவன் துணிப் பைக்குள்ள கைய விட்டா, ரோஸ் கலர்ல பாதி கரைஞ்ச சோப்பு, மேல தெலுங்குல என்னமோ எழுதியிருக்கு. கடல்ல பத்து ஆம்பளைங்களோட கெடக்குற மனுசனுக்கு வாசன சோப்பு எதுக்கு? கேக்கல. சோப்ப இருந்த எடத்துலயே வெச்சுட்டா. அவனும் அந்தத் தடவ என்னமோ மொறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான். குத்தமுள்ளவன் அப்படித்தான் பாப்பான்னு நெனச்சுக்கிட்டா.

முன்னாடியெல்லாம் இந்த அரிப்புக்கு அவ மெடிக்கல்ல சொல்லி மாத்திர வாங்கிப் போட்டவதான். நிக்கும், திரும்ப வரும். அதனால ஒரு லேடி டாக்டர்கிட்ட போனா. டாக்டரம்மா பஞ்சுக் குச்சியில தொட்டு எடுத்து, லேப்புக்கு அனுப்புச்சாங்க. இது ஈஸ்டுன்னு ஒரு பூஞ்சக் கிருமி, எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு வளத்துப் பாத்துடலாம்னாங்க. நாலஞ்சு நாள் கழிச்சுப் போனா, பழைய மாத்திரைக்கே நல்லாக் கேக்குதுன்னு வந்திருக்கு, வாரத்துக்கு ஒண்ணு, ஆறு மாசம் விடாம போடணும்னு எழுதிக் குடுத்தாங்க. கர்ப்பம் இல்லையேன்னு கேட்டாங்க. அப்புறம் பேனாவ மூடிக்கிட்டே, வீட்டுக்காரருக்கு அரிப்பு கிரிப்பு ஏதாவது உண்டான்னும் கேட்டாங்க. எல்லாருகிட்டயும் கேக்குற கேள்விதான். கீர்த்திக்கு அது கோவிந்தம்மா குரல்லயே கேட்டுச்சு.

மாத்திரையப் போட்டா. நின்னுது. போட்டு வந்துச்சு, போச்சு. மறுபடியும் அரிப்பு.

இப்ப அவளுக்குக் கணக்கு சரியா வந்துடுச்சு. லேப்புல அந்தக் கிருமி இந்த மருந்துக்குச் செத்துப் போயிருக்கு. அப்ப ஒடம்புலயும் செத்திருக்கணும். செத்தது எப்படித் திரும்ப வரும்? யாரோ திரும்பக் கொண்டாந்து குடுத்தாதான் வரும். ஊருக்குப் போற பையில ரெண்டு பொடவையும் துண்டும் எடுத்து வெச்சா. இந்தத் தடவ போட்டு வந்ததும் அந்தப் பொம்பள யாருன்னு நேராக் கேட்டுட்டு, பஸ் ஏறிடுறதுன்னு முடிவு பண்ணிட்டா.

ஆனா ஒரு மூலையில ஆச விடல. ஒருவேள லேப்புக்காரங்க தப்புப் பண்ணியிருந்தா? வேற எவளோடதையோ பாத்துட்டு இவ பேர ஒட்டியிருந்தா? லேப் தப்புன்னா புருசன் தப்பிச்சான். லேப் சரின்னா மாட்டுனான். போட்டு வர்ற அன்னிக்கே காலையில கெளம்பி லேப்புக்குப் போனா.

அங்க வேல பாக்குற ரமாபாய்னு ஒருத்தி, வியாசர்பாடிக்காரி, கீர்த்தியவிட ரெண்டு மூணு வயசு மூத்தவளா இருப்பா. கீர்த்தி எடுத்த எடுப்புல, நீங்க ஆள மாத்திட்டீங்கன்னா. ரமாபாய்க்கு சுருக்குன்னு வந்துடுச்சு. இங்க அப்படியெல்லாம் நடக்காதுன்னு விறைப்பா சொல்லிட்டு, கீர்த்தி கண்ணு கலங்குறதப் பாத்ததும் கொஞ்சம் எறங்குனா. வேற யாருக்கோ கிருமி வளத்து வெச்சிருந்த மூடி போட்ட தட்ட, மூடியத் தெறக்காம வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனா.

தட்டு முழுக்க தோச மாவு மெழுகுனாப்ல வெள்ளையா ஈஸ்டு வளந்து கெடக்கு. நடுவுல ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு காயிதப் பொட்டு, அதுலதான் மருந்து. பொட்டச் சுத்தி வட்டமா ஒரு எடம் மட்டும் சுத்தமா இருக்கு, கிட்ட நெருங்க பயந்து எல்லாம் ஒதுங்கி நின்னாப்ல.

"உன்னுதும் இப்டிதான் இருந்துச்சு. இத்தவிட பெரிய வட்டம்," ன்னா ரமாபாய்.

அப்ப லேப் சரி. கீர்த்தி பெஞ்சுல உக்காந்து, யாருன்னே தெரியாதவகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டா, நெல்லூரு, ஐஸு, சோப்பு வரைக்கும். ரமாபாய் அவ முடிச்சதும் சொன்னா, இந்தக் கிருமி எவளோ குடுத்து எவனோ கொண்டாந்துதான் வரணும்னு இல்ல. நம்ம ஒடம்புலயே குந்திகினு இருக்கும். எடம் குடுத்தா பெருகிடும்.

"தட்டுல செத்துச்சே, அப்புறம் ஏன் வருது?"

"தட்டு வேற, ஒடம்பு வேறம்மா. தட்டுல சக்கர வியாதி கெடையாது, ஈரத்துணி கெடையாது. பொட்டு வெச்சா வெச்ச எடத்துலயே கீது, எவனும் எடுக்க மாட்டான். நீ மாத்திரைய விடாம துன்னியா?"

"விடாமதான் போடுறேன். வீட்டுல மீன் ஆக்குற வாரம் மட்டும் போட மாட்டேன்."

ரமாபாய் தட்ட அப்படியே கீழ வெச்சா. "மீனா?"

"அரிப்புக்கு மருந்து சாப்புட்டா மீன் ஆவாதுல்ல. பத்தியம். எங்க ஊருல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எப்ப மீன் ஆக்குவ?"

"அவரு கடல்ல இருக்கும்போது ரசம், அப்பளம்தான். அவரு வந்தா பங்கு மீன் கொண்டாருவாரு. புடிச்சவன் முன்னாடி உக்காந்து நான் திங்காம இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் மீன் தீர்ற வரைக்கும் மாத்திரைய…"

அவளே பாதியில நிறுத்திட்டா. போட்டு வந்தா மீன். மீன் வந்தா மாத்திர இல்ல. மாத்திர இல்லன்னா அரிப்பு.

"டாக்டரம்மா மீன் துன்னாதன்னு சொன்னாங்களா?"

"நான் கேக்கல."

"தட்டுக்குப் பத்தியம் கெடையாதும்மா. இந்த மாத்திரைக்கும் கெடையாது. போயி டாக்டரம்மாகிட்ட நடுநடுவுல வுட்டத சொல்லு, சக்கரயும் பாத்துக்கோ," ன்னுட்டு ரமாபாய் வாய மூடிச் சிரிச்சா.

கீர்த்தி வெயில்ல நடந்து வீட்டுக்கு வந்தா. வாசல்ல அவன் செருப்பு கெடந்துச்சு. உள்ள கட்டில் மேல அவ கட்டி வெச்ச பை, பக்கத்துல பொன்ராஜ். அவன் கையில மாத்திர அட்ட. அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சதக் கண்டுபுடிச்சிருக்கான்.

"எங்க போற, பைய கட்டி வெச்சுகினு?" குரல் எழும்பாமதான் கேட்டான். "இது புள்ள வாணாம்னு துன்ற மாத்திரதான? முன்னாடியே பாத்துட்டேன். நான் வூட்டுல இருக்கசொல்ல ஒண்ணுகூடக் கொறையல. நான் கடலுக்குப் போனப்புறந்தான் கொறையுது. யாருக்காவ துன்ற?"

அவ கேக்க வெச்சிருந்த கேள்விய அவன் கேட்டுட்டான். கீர்த்திக்கு மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் அவன் மொகத்தப் பாத்தா. ராத்திரியெல்லாம் வலை இழுத்துச் செவந்த கண்ணு, அவ பத்து மாசமாக் கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்த அதே சந்தேகம்.

நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னா. அரிப்ப சொன்னா, தட்ட சொன்னா, பத்தியத்த சொன்னா. அவன் முழுசா நம்புனானான்னு தெரியல. அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"நம்பலன்னா நாளைக்கு டாக்டரம்மாகிட்ட கூட வாங்க," ன்னா. "வந்து நீங்களே கேளுங்க."

"வரேன்," ன்னான். "கேக்கதான் போறேன்."

"நானும் ஒண்ணு கேக்கணும். அந்த ரோஸ் சோப்பு எவ வாங்கிக் குடுத்தது?"

பொன்ராஜ் தலைய சொறிஞ்சான். "டீசல் நாத்தம் அடிக்குதுன்னு நீதான மூஞ்சத் திருப்பிக்கினு படுத்த. எங்க போட்டு கிருஷ்ணப்பன் அண்ணன் நெல்லூருல வாங்கசொல்ல நானும் ஒண்ணு வாங்கினேன்."

கிருஷ்ணப்பன் யாரு, வீடு எங்கன்னு அவ மனசுக்குள்ள ஒரு தடவ குறிச்சுக்கிட்டா. அவனும் அட்டையில மிச்சம் எத்தனைன்னு எண்ணுன மாதிரிதான் இருந்துச்சு. வாசல் ஓரம் பங்கு மீன் பையில சங்கரா செவப்பாக் கெடந்துச்சு. ஆஞ்சு, மஞ்சத்தூள் போட்டுக் கழுவி, கொழம்பு வெச்சா. தட்டு போட்டு ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்தாங்க. அவ ஒரு துண்டு மீனப் பிட்டு வாயில போட்டுக்கிட்டு, அவன் பாக்கப் பாக்க அட்டையிலேர்ந்து ஒரு மாத்திரையப் பிதுக்கித் தண்ணி குடிச்சு முழுங்குனா.

செவுத்துக்கு அந்தப் பக்கம், காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாப்ல, கோவிந்தம்மா வீட்டுல ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்ல.