சாக்கு எடை

"மூச்ச அடக்கிக்கினு நிக்காதடி. மூச்சுக்கு எடை கெடையாது."

"நீ எவ்ளோ காட்டுதுன்னு சொல்லு."

"அம்பத்தஞ்சு, எரநூறு."

"இன்னும் எரநூறு கிராம்தான்டி!" கலையரசி எடைமேடையிலிருந்து குதித்து அர்ஷியாவைக் கட்டிக்கொண்டாள். திண்டிவனத்தில் கலையரசியின் அப்பா வேர்க்கடலை மூட்டை தூக்கும் மல்லாட்டை மண்டி அது. ஒலக்கூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எடை பார்த்துவிட்டுத்தான் இருவரும் பள்ளிக்கூடம் போவார்கள். நாளைக்குக் கபடி சின்ன டீம் தேர்வு. ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் வெளியே.

பத்து நாளாக அவள் காலையில் சாப்பிடவில்லை. அம்மா கட்டித்தரும் இட்லி பஸ்ஸிலேயே அர்ஷியாவின் வயிற்றுக்குப் போனது. அர்ஷியாவோ வளையல் நிற்காத கையோடு அப்படியே இருந்தாள். பசி முதலில் நாய்க்குட்டி போலக் கலையரசியின் காலைச் சுற்றியது. பிறகு அவளைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. நேற்று கபடி பாடிப் போனவள் பாதியில் மூச்சு அறுந்து, இருப்பதிலேயே பொடிசான பெண்ணிடம் பிடிபட்டாள்.

அப்பாவோடு சுமை தூக்கும் மாசிலாமணி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அது சாக்கு எடை கழிச்சி வெச்ச மிசினு. ஒரு கிலோ சேத்துக்க."

"இன்னாது?"

"சாக்குக்குள்ள பூந்துக்கினு நின்னா சரியா காட்டும்."

அர்ஷியா மூட்டைமேல் விழுந்து சிரித்தாள். "மொத நாளு அம்பத்தஞ்சு முந்நூறு. பத்து நாள்ல நூறு கிராம்! சாயங்காலம் பஸ் ஏறனதும் ஒரு படி மல்லாட்டை உரிச்சா வேற இன்னாடி ஆவும்?"

கலையரசிக்குக் கோபம்தான் வரவேண்டும். ஆனால் காலி வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு பொங்கிவந்தது. "குடுடி அத," என்று டப்பாவைப் பிடுங்கினாள்.

"ரெண்டு வெச்சிருடி. எனக்குப் பழகிப்போச்சி."

மண்டி வாசலில் நின்றபடி நான்கு இட்லி. மல்லாட்டைச் சட்னியில் இவ்வளவு பூண்டு இருந்தது இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம், எடை பார்க்காத பெரிய டீமை எதிர்த்துப் பாடிப் போனாள். மூச்சு தீரவே இல்லை. இரண்டு பேரைத் தொட்டு, மூன்றாமவள் இடுப்பைப் பிடித்துத் தொங்க, அவளையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி விழுந்தாள். கபடி பழக்கும் செண்பகம் டீச்சரின் விசில் வாயிலேயே நின்றுவிட்டது.

புழுதியோடு எழுந்து டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், என்னப் பெரிய டீம்ல எறக்குங்க டீச்சர்."