முள் பாதிக்குக் கீழே

...இல்லை, நான்தான் தப்பாகப் பார்க்கிறேன், இவர் வண்டியில் முள் சிவப்புக் கோட்டில் நிற்காது, பதினோரு வருஷமாக நின்றதில்லை, மகள் பிறந்த அன்று வலியோடு நான் பின்சீட்டில் கிடக்க, டீசல் தீர்ந்து வண்டி பாலத்தின் மேல் நின்றுபோனதே, அன்றிலிருந்து முள் பாதிக்குக் கீழே இறங்கினால் இவருக்குச் சோறு இறங்காது. நான் ஸ்கூட்டரை ரிசர்வில் ஓட்டுகிறவள், அதற்கே வாரம் ஒரு சொற்பொழிவு கேட்கிறவள். இன்று அது பஞ்சர், சாவியை எடுத்துக்கொண்டு பாத்ரூம் கதவருகே நின்று "கார எடுத்துட்டுப் போறேங்க" என்றேன், "சரி சரி, நான் பஸ்ல போய்க்கறேன்" என்றார், டேங்க் காலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, மறந்துவிட்டாரா, இவரா...

பங்கில் வரிசை நகரவில்லை. ட்ரிப் மீட்டரைப் பார்த்தேன், அறுநூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர். டேங்க் நிரப்பியதும் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குவது இவர் வழக்கம், ஞாயிற்றுக்கிழமை இதே பங்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அழுத்தினார், இன்று வெள்ளிக்கிழமை. ஆபீஸ் ஏழு கிலோமீட்டர். போக வர நாலு நாளுக்கு ஐம்பத்தாறு, அன்று இங்கிருந்து வீட்டுக்கு மூன்று, இன்று வீட்டிலிருந்து இங்கே மூன்று, மீதி ஐந்நூற்று எண்பத்து நாலு எங்கே போனது? ஸ்கூல் லேபில் பியூரெட்டில் அளவு பார்த்துப் பார்த்து எனக்கு எதையும் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது, நாலால் வகுத்தேன், நாளைக்கு நூற்று நாற்பத்தாறு. ஆடிட் என்று தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு வந்தாரே, முகம் கழுவாமலே படுத்தாரே. யாரையாவது... சே, இவரா, சட்டைக்குப் பொருத்தமாகப் பேன்ட் எடுக்கத் தெரியாதவர். ஆனாலும் பக்கத்து முன்சீட்டை ஏன் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி, சாய்த்தும் வைத்திருக்கிறார், அது என் சீட், என் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிற மாதிரிதான் எப்போதும் இருக்கும், இவ்வளவு நீளமான காலோடு எந்தப் பெண் இருக்கிறாள் ஊரில்... சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. முன்னால் இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன், வரிசை நகர்ந்துவிட்டது.

"ஃபுல்லா மேடம்?" தலையாட்டினேன். டப்பென்று தானாக நின்றது, நாற்பத்தாறு புள்ளி இரண்டு. டேங்க்கே நாற்பத்தஞ்சு லிட்டர்தானே, இவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். "எப்படிங்க அதுக்கு மேல போகும்?" என்றேன், சண்டைக்காரி மாதிரி. பங்க்காரர் கோபப்படவில்லை. "புக்குல போட்டிருக்கறத விட கொஞ்சம் கூடப் பிடிக்கும் மேடம், கழுத்துல இடம் இருக்கில்ல. சுத்தமா காய விட்டு வந்திருக்கீங்க. இப்படி ஓட்டினா அடிக்கசடு இஞ்சினுக்குப் போயிடும், காலு டேங்க்குக்கு வந்ததும் போட்டுடுங்க." இவர் பாதி என்பார், இந்த ஆள் கால் என்கிறார். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று அவர் கேட்கவில்லை, டப்பென்று நின்றபின் ஊற்றக்கூடாது என்பதும் இவர் பாடம்தான். இவ்வளவு தெரிந்த மனுஷன் டேங்க்கைக் காய விட்டிருக்கிறார் என்றால் நிற்க நேரமில்லாமல் ஓடியிருக்கிறார், எங்கே...

நீளமான கால். மடங்காத கால். இடது முழங்காலை நீட்டித்தான் உட்கார முடியும் என்று அப்பா எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டைக் கடைசிவரை தள்ளச் சொல்வார். அப்பா வீடு, அண்ணனோடு இருக்கிற அந்த வீடு, எழுபது கிலோமீட்டர், எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகணும். போக எழுபது, வர எழுபது, நூற்று நாற்பது. ரெண்டு வருஷமாக நான் போகாத வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று நாளையும் என்னிடம் மறைத்தவர் அப்பா, "நீ பயந்துடுவேம்மா, அதான் சொல்லல" என்றார், எல்லாம் முடிந்த பிறகு. இனி அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதீங்க என்று இவரிடம் சொன்னது நான்தான், இவரும் எடுக்கவில்லை, வாயால் எடுக்கவில்லை, வண்டியை எடுத்திருக்கிறார். மாமனாரும் மருமகனும் சேர்ந்து... கோபமா வருகிறது எனக்கு, இல்லை வேறு என்னவோவா? அப்புறம் அந்த ஆறு? நாளைக்கு ஆறு கிலோமீட்டர் மிச்சம் நிற்கிறதே, மூன்று போக, மூன்று வர. அப்பா வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் என்ன இருக்கிறது... தெரியும். அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி. அப்பாவுக்காகச் சீட்டைச் சாய்த்ததும் அதற்குத்தானா...

பட்டன் மேல் விரல் இருந்தது. அழுத்தினால் பூஜ்யம், நான் எதையும் பார்க்காதவள். அழுத்தாவிட்டால் இன்று சாயங்காலம் வண்டியில் ஏறியதும் இவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "மேடம், கொஞ்சம் முன்னாடி போய் நிறுத்திக்கோங்க." வண்டியை எடுத்தேன். ஸ்கூலுக்கு இடது பக்கம், அப்பா வீட்டுக்கு வலது, முதல் பீரியடுக்கு ஆசிட் கலக்கி வைக்கணும், இன்டிகேட்டர் போடக் கை போனது, எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை... டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, போக எழுபது, வர எழுபது, எங்கேயும் நிற்க வேண்டாம். மீட்டர் அறுநூற்று நாற்பத்தேழு ஆனது. முன்சீட்டை நான் இன்னும் இழுத்துவிடவில்லை.