கோழியின் நைட் ஷிஃப்ட்

சட்டையில் குத்திய அட்டையில் 'தன்னார்வலர்' என்று போட்டிருந்தது. ஆர்வம் அக்காவுடையது.

"ராத்திரி பூரா வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடக்கிறதானே? அங்க போய் நட. புண்ணியமாவது கிடைக்கும்" என்றாள்.

அக்கா மகளின் பள்ளியில் கோழி வளர்ப்புக் குழு ஒன்று உண்டு. கண்காட்சியில் நடக்கும் கோழிப் போட்டிக்குப் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டீச்சரோடு இன்னொரு பெரிய ஆள் தேவை. குளிர்பதனக் கிடங்கில் வருடக்கணக்காக நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். வேலையை விட்டாயிற்று, ஷிஃப்ட்தான் என்னை விடவில்லை. தெருவில் எனக்கு ஆந்தை என்று பெயர்.

வேனில் பின்சீட்டிலிருந்து ஒரு பையன் ஆரம்பித்தான். குழுவில் அவனைச் சவடால் என்பார்கள்.

"குட்டி, உங்க மாமா ஆந்தையாமே? கோழிக்கு யாராவது ஆந்தைய காவல் வைப்பாங்களா?"

"தூக்கினா உன் சேவலத்தான் தூக்கும். வாய மூடு" என்றாள் அக்கா மகள்.

மடியில் கூண்டு. அதற்குள் அவளுடைய வெள்ளைக் கோழி, பஞ்சு. போன வருடம் நடுவர் கையில் அது அடித்துக்கொண்டு, அவர் மணிக்கட்டைக் கீறி, போட்டியை விட்டே வெளியே அனுப்பப்பட்டது. அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் குட்டிக்கு ஒரே வேலைதான். கோழியைக் கையில் நிறுத்துவாள், இறக்கையை விரிப்பாள், காலைத் தூக்கிப் பார்ப்பாள், இறக்கி விடுவாள். மறுபடியும் தூக்குவாள்.

"நாளைக்கு அது நடுவர்கிட்ட சமர்த்தா நிக்கணும் மாமா. அது போதும்."

"நிக்கும், நிக்கும்."

"நீ ஒண்ணும் பண்ணிடாத."

கண்காட்சித் திடலில் கோழிகளுக்கு ஒரு தகரக் கொட்டகை. மரத்தூள் வாடையும் பினாயில் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. பிள்ளைகள் படுக்கக் கொட்டகையை ஒட்டி இரண்டு அறைகள். பெண் பிள்ளைகளோடு டீச்சர். வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டீச்சர் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, "ஏதாவதுன்னா கதவத் தட்டுங்க சார்" என்று சொல்லிப் போய்விட்டார்.

இருட்டில் எனக்கு உட்கார வராது. கிடங்கில் இருட்டு என்றால் கரண்ட் போச்சு, சரக்கு போச்சு, மேனேஜர் போனில் கத்தப்போகிறார் என்று அர்த்தம். எழுந்தேன், உட்கார்ந்தேன், வாளியில் இடித்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் பள்ளிக் கூண்டுகளின் வரிசைக்கு மேலிருந்த டியூப் லைட்டைப் போட்டேன். நேர் கீழே பஞ்சு கண்ணைத் திறந்தது. நான் நடந்தேன். அதுவும் கூண்டுக்குள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தது. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். துணை கிடைத்த சந்தோஷம் வேறு. திருடன் வரவில்லை, பிள்ளைகள் வெளியே ஓடவில்லை. விடிகிறபோது எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

காலையில் குட்டி ஈரத்துணியால் பஞ்சின் காலைத் துடைத்து எடுத்துப் போனாள். நடுவர் மேசை மேல் நிறுத்தினாள். பஞ்சு அசையவே இல்லை. குட்டி என்னைத் திரும்பிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அடுத்த நிமிடம் கோழியின் தலை மெல்லச் சாய்ந்தது. கண் சொருகியது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவர் அம்மா கொண்டையைத் தொட்டார், இமையை விலக்கிப் பார்த்தார்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

"நேத்து நல்லா இருந்துச்சு மேடம்!"

"சீக்குக் கோழிய இங்க வைக்க முடியாதும்மா. தனிக் கொட்டகைக்குக் கொண்டு போங்க."

சவடால் பக்கத்தில் நின்றான். "குட்டி, ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தப்ப லைட்டு எரிஞ்சுச்சு. எல்லாக் கோழியும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் என் சேவலுக்குச் சாக்கு போட்டு மூடிட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

குட்டி என்னைப் பார்த்தாள். "நீயா போட்ட?"

"ம்."

"பூராவுமா?"

"விடியிற வரைக்கும்."

நடுவரிடம் ஓடினேன். "மேடம், அதுக்குச் சீக்கு இல்ல. தூக்கம்தான்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. நைட் ஷிஃப்ட்."

அவர் சிரிக்கவில்லை. "இருக்கலாம் சார். ஆனா இருக்கலாம்னு நம்பி மத்த கோழிகளோட விட முடியாது. தூங்கி எழட்டும், வந்து பாக்கிறேன்."

அவர் சொன்னது நியாயம். பகலில் தூங்கி விழுகிற என்னையும் இப்படித்தான் ஆளாளுக்கு இமையை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன் குடி என்றான், ஒருத்தன் மஞ்சள் காமாலை என்றான். அதில் எனக்கு நஷ்டமில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போனது.

தனிக் கொட்டகையில் என் கறுப்புப் போர்வையைக் கூண்டு மேல் போட்டேன். பகலில் ஜன்னலை மறைக்க நான் வைத்திருக்கும் போர்வை. வெளியே ராட்டினம் சுற்றியது, பிள்ளைகள் கத்தின. குட்டி போகவில்லை. எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஐஸ்கிரீம் வேணுமா என்று கேட்டேன். முதுகு இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. ஒலிபெருக்கியில் மூன்றாம் பரிசுக்குச் சவடாலின் சேவலை அறிவித்தார்கள். பிறகு அவன் வந்து எட்டிப் பார்த்தான். ரிப்பனைச் சட்டைப்பையில் திணித்திருந்தான். "எழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

வேனில் சாமான் ஏற்றும்போது போர்வைக்குள் கொக்கரிப்பு கேட்டது. நடுவர் வந்தார். பஞ்சு தீனியைக் கொத்திக்கொண்டிருந்தது. எடுத்தார், இறக்கையை விரித்தார், காலைத் தூக்கினார். அவர் உள்ளங்கையில் பஞ்சு சொன்னதைக் கேட்கும் பிள்ளையாய் நின்றது.

"நல்லா பழக்கியிருக்க. ஆனா போட்டி முடிஞ்சிருச்சேம்மா."

"தெரியும் மேடம்" என்றாள் குட்டி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேனில் கூண்டோடு டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் கூண்டை நேராக என் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னடி இது?" என்றாள் அக்கா.

"வெளிய போயிட்டு வந்த கோழிய உடனே மத்ததோட விடக் கூடாதும்மா. டீச்சர் சொன்னாங்க. ரெண்டு வாரம் இங்கதான்."

"இங்கயா? உங்க மாமாதான் ராத்திரி பூரா லைட்டு போடுவானே!"

"போட மாட்டாரு" என்று சொல்லி, சுவிட்சை அவளே அணைத்துவிட்டுப் போனாள்.

எழுந்து ஓர் அடி வைத்தேன். கூண்டுக்குள் கர்ரென்று ஒரு முனகல். நின்றேன். இன்னோர் அடி. மறுபடி முனகல். கட்டிலில் உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. கையால் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கதவைத் தள்ளினாள். "டேய், என்னடா பேய் மாதிரி இருட்டுல உக்காந்திருக்க?"

"மெதுவா பேசு" என்றேன்.